திட்டிவிடம் முதல் டெத்டச் வரை: மேஜிக் அட்டைகளில் புராண உயிரினங்கள்

‘மேஜிக்: தி கேதரிங்’ அட்டை விளையாட்டின் 1993ஆம் ஆண்டு முதல் பதிப்பில் ‘லார்ட் ஆஃப் தி பிட்’ என்றோர் அட்டை உண்டு. பாதாளக் குழியின் அதிபதியான அரக்கன். வலு 7, தாங்குதிறன் 7. பறக்கும். தடுக்க வரும் உயிரினத்தை மிதித்துத் தள்ளிவிட்டு, மிஞ்சிய அடியை எதிராளி மேலேயே இறக்கும். ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளிகளோடு தொடங்கும் ஆட்டத்தை இது மூன்றே தாக்குதலில் முடித்துவிடும். ஆனால் அதை இறக்கியவர், தன் முறை தொடங்கும் ஒவ்வொரு தடவையும் தன் பக்கத்து உயிரினம் ஒன்றை அதற்குப் பலி கொடுக்க வேண்டும். பலிக்கு ஆள் இல்லாவிட்டால் அந்த 7 புள்ளி அடியும் இறக்கியவர் தலையிலேயே விழும்.

படத்தை மறைத்துவிட்டு விதியை மட்டும் படித்தாலும் எதிரே நிற்பது எது என்று தெரிந்துவிடும். ஐரோப்பியக் கதைகளில் சாத்தானோடு உடன்படிக்கை செய்துகொண்ட ஃபாஸ்ட் போன்றவர்கள் பட்ட பாடு முழுவதும் இரண்டு வரி விதிக்குள் இருக்கிறது. முதல் தடவை, இருப்பதிலேயே சோதாவான ஒன்றைக் கொடுத்து ஆட்டக்காரர் சமாளிக்கிறார். அடுத்த தடவை, காவலுக்கு நிறுத்தியிருந்த சிலந்தி போகிறது. மூன்றாம் தடவைக்குள் எதிராளியை எப்படி அடிப்பது என்ற யோசனை போய், இந்த அரக்கனுக்கு இனி எதைக் கொடுப்பது என்ற கவலை வந்துவிடுகிறது. கதையை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரே அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

மேஜிக்கின் பெருமை இங்கேதான் இருக்கிறது. இதுவரை 25 ஆயிரத்துக்கும் அதிகமான வெவ்வேறு அட்டைகள் வந்துவிட்டன. டிராகன், தேவதை, எல்ஃப், கோப்ளின், ஹைட்ரா என்று உலகப் புராணங்களில் பாதி அதற்குள் நடமாடுகிறது. ஓவியங்கள் அழகானவை, அவற்றுக்காகவே சேகரிப்பவர்களும் உண்டு. ஆனாலும் ஓர் உயிரினத்தை அந்த உயிரினமாக்குவது ஓவியம் அல்ல, அதன் கீழே உள்ள பெட்டியில் அச்சாகியிருக்கும் திறன். அது மேசையில் என்ன செய்கிறதோ, அதுவே அது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது. விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதம் படித்தவர். சேர்வியல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1991இல் அவர் ‘ரோபோராலி’ என்ற பலகை விளையாட்டை வெளியிடச் சொல்லி ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ நிறுவனர் பீட்டர் அட்கிசனிடம் கொண்டுபோனார். அதை அச்சிடும் செலவு அந்தச் சிறு நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. விளையாட்டு மாநாடுகளில் கிடைக்கும் இடைவேளைகளில் சட்டென்று ஆடி முடிக்கக்கூடிய, கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஒன்று வேண்டும் என்று அட்கிசன் கேட்டார். அதற்குக் கார்ஃபீல்ட் தந்த விடைதான் மேஜிக். 1993 ஆகஸ்டில் 295 வகை அட்டைகளோடு வந்த முதல் அச்சு விரைவிலேயே விற்றுத் தீர்ந்தது.

சதுரங்கத்தில் குதிரை எப்படி நகரும் என்பது குதிரைக் காயின் மேல் எழுதியிருப்பதில்லை. இருவருக்கும் அது முன்பே தெரியும். மேஜிக்கில் அது முடியாது. அட்டைகள் உறைக்குள் கலந்து விற்பனைக்கு வந்தன. ஒருவரிடம் இருப்பது இன்னொருவரிடம் இருக்காது. எதிராளி இறக்கும் அட்டையை ஆட்டக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கலாம். ஆகவே ஒவ்வோர் உயிரினமும் தன்னுடைய சட்டத்தைத் தன் உடம்பிலேயே சுமந்து வர வேண்டியிருந்தது. சில அங்குல அகலத் தாளில், பொடி எழுத்தில், ஒரு புராணம் அடங்க வேண்டும்.

முதல் பதிப்பு அதைத் துணிச்சலோடு செய்தது. வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று ஐந்து நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒரு பலவீனம். நிலங்களைப் படுக்கையாகத் திருப்பிப் பெறும் மானா என்ற சக்திதான் செலவுப் பணம். சிவப்பில் ‘ஷிவன் டிராகன்’ வந்தது. ஆறு மானா கொடுத்து இறக்க வேண்டும்; வலுவும் தாங்குதிறனும் 5/5, பறக்கும். அதற்கு மேல் செலவழிக்கும் ஒவ்வொரு சிவப்பு மானாவுக்கும் அந்த முறை முடியும்வரை வலு ஒன்று கூடும். அதுதான் நெருப்பு மூச்சு. இறக்கிய முறையில் அது தாக்க முடியாது. அடுத்த முறை, சிவப்பு மானா தரும் மலை நிலங்கள் ஆறையும் திருப்பினால் வலு ஐந்து பதினொன்றாகிறது. எதிராளியின் உயிரில் பாதிக்கு மேல் ஒரே மூச்சில் போய்விடும். ஆனால் மலைகள் எல்லாம் திரும்பிக் கிடப்பதால் வேறெதற்கும் கையில் சக்தி இருக்காது. கஞ்சத்தனமும் பேராசையும் ஆட்டக்காரருக்குள் மோதிக்கொள்ளும் அந்தக் கணம் டிராகனுக்கு மிகப் பொருத்தமானது. பச்சையின் பலவீனம் வானம். பறக்கும் உயிரினங்கள் அதற்கு அரிது. அதற்கு ஈடாக ‘ஜயன்ட் ஸ்பைடர்’ என்ற 2/4 சிலந்தி வந்தது. தான் பறக்காது, ஆனால் பறப்பதைத் தடுக்கும். வலை என்ற சொல்லே இல்லாமல் விதி ஒரு வலையைக் கட்டிவிட்டது.

   

இதே துணிச்சல் சிக்கலையும் கொண்டுவந்தது. 1993 டிசம்பரில் வந்த முதல் விரிவாக்கத் தொகுதி ‘அரேபியன் நைட்ஸ்’. ஆயிரத்தோர் இரவுகள் கதைகளிலிருந்து கார்ஃபீல்டே உருவாக்கியது. அதில் ‘ருக் எக்’ என்ற அட்டை. சிந்துபாத் பார்த்த ராட்சதப் பறவையின் முட்டை. 0/3, அதாவது அடிக்கத் தெரியாது, கிடக்கத்தான் தெரியும். உடைந்தால் உள்ளிருந்து 4/4 பறவை கிளம்பும். இதை அட்டையில் எழுதும்போது, முட்டை ‘இடுகாட்டுக்குப் போனால்’ பறவை வரும் என்று எழுதிவிட்டார்கள். இடுகாடு என்பது இறந்த உயிரினங்களும் கழித்த அட்டைகளும் சேரும் குவியல். கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் முட்டையை மேசையில் வைக்கவே இல்லை. கையிலிருந்தே நேராகக் கழித்துப் போட்டார்கள். அடை காக்காத முட்டை, கூட்டையே காணாத முட்டை, பறவையைப் பொரித்தது. பின்னர் அந்த வாசகத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

முட்டை ஒன்றுதான் என்றால் பரவாயில்லை. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் அட்டைகள் பெருகப் பெருக, ஒவ்வொன்றும் தன் போக்கில் ஒரு வாக்கியம் எழுதிக்கொள்வது தாங்கவில்லை. ஒரே செயலை ஐந்து அட்டைகள் ஐந்து விதமாகச் சொன்னால், அந்த ஐந்துக்கும் இடையில் நூலளவு வேறுபாடு முளைக்கும். அதில் ஒரு சண்டை பிறக்கும். தீர்வு, பொதுப் பெயர் சூட்டுவது. பறத்தல், முதலடி, மிதித்தல் போன்றவை தொடக்கத்திலேயே ஒற்றைச் சொல்லாக இருந்தன. மற்றவை மெல்ல மெல்ல வந்தன. இறங்கிய முறையிலேயே தாக்கும் திறன் ‘ஹேஸ்ட்’ ஆயிற்று. ‘செர்ரா ஏஞ்சல்’ தேவதை தாக்கிய பிறகும் காவலுக்கு நிற்பது 2004இல் ‘விஜிலன்ஸ்’ என்ற பெயர் பெற்றது. சிலந்தியின் வலை 2007இல் ‘ஃபியூச்சர் சைட்’ தொகுதியில் ‘ரீச்’ ஆயிற்று. அதே தொகுதியில் ‘டெத்டச்’ வந்தது. தொட்டால் மரணம்.

இந்தக் கடைசிப் பெயரிடலில் ஒரு பழைய உயிரினம் தன் உயிர்நிலையை இழந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஐரோப்பிய மரபில் பாசிலிஸ்க் என்பது பார்வையாலேயே கொல்லும் பாம்பு. முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி அதை வட ஆப்பிரிக்காவின் சைரீன் பகுதியில் வாழ்வதாக எழுதினார். குதிரை வீரன் ஒருவன் ஈட்டியால் அதைக் குத்தியபோது விஷம் ஈட்டி வழியே ஏறி அவனையும் குதிரையையும் சேர்த்துக் கொன்றதாக நம்பப்பட்ட செய்தியையும் அவர் பதிவு செய்திருக்கிறார். தமிழ் வாசகருக்கு இது அந்நியமல்ல. மணிமேகலையின் முற்பிறப்புக் கணவன் இராகுலன், பார்வையில் விஷம் கொண்ட திட்டிவிடம் என்ற பாம்பால்தான் மாண்டான்.

1993இன் ‘திக்கெட் பாசிலிஸ்க்’ அட்டை 2/4. அதைத் தடுத்த உயிரினமோ அதனால் தடுக்கப்பட்ட உயிரினமோ சண்டை முடிவில் அழியும். அடி பட்டதா, எத்தனை புள்ளி என்ற கணக்கே கிடையாது. எதிர்ப்பட்டாலே முடிந்தது. ஒரே ஒரு விலக்கு, சுவர். அக்கால மேஜிக்கில் சுவர்களும் உயிரின வகையில் சேர்ந்தவை, தடுக்கும், தாக்காது. பாசிலிஸ்க் சுவரைக் கொல்லாது. சுவருக்கு ஏது கண்? இந்தச் சின்ன விலக்கில்தான் எழுதியவரின் அக்கறை தெரிகிறது.

இப்போது முதலடித் திறன் உள்ள ஒரு வீரன் பாசிலிஸ்க்கைத் தடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் வலு 4. முதலடி உள்ளவன் முந்திக்கொண்டு அடிப்பான். பாசிலிஸ்க் திருப்பி அடிக்கும் முன்பே செத்துவிடும். பழைய அட்டையின் விதிப்படி அதனால் அவனுக்குப் பயனில்லை. எதிர்ப்பட்டபோதே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. சண்டை முடிவில் அவனும் விழுவான். பிளினியின் குதிரை வீரனுக்கு நேர்ந்தது போலவே.

அதே வீரன் டெத்டச் உள்ள நவீன உயிரினத்தைத் தடுத்தால் கதை வேறு. டெத்டச்சுக்கு அடி பட வேண்டும். ஒரு புள்ளியாவது பட்டால்தான் மரணம். முதலடியில் அது செத்துப்போனால் அடிக்க ஆளில்லை. வீரன் உடையில் தூசி தட்டிக்கொண்டு போகலாம். பார்வை போய்விட்டது, கடி மட்டும் எஞ்சியிருக்கிறது. பாசிலிஸ்க், தேள், கொலைகாரன், கோர்கன், விஷத் தவளை எல்லாவற்றுக்கும் இன்று ஒரே சொல். தேளுக்கும் தவளைக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. கண்ணால் கொல்லும் பிராணிக்குப் பொருந்தவில்லை.

இழப்பு உண்மை. ஈட்டியதும் சிறிதல்ல. திறனுக்குப் பெயர் கிடைத்ததும் அதை உடம்பிலிருந்து கழற்றி வேறோர் உடம்பில் மாட்ட முடிந்தது. 2010இல் ‘வேர்ல்ட்வேக்’ தொகுதியில் ‘பாசிலிஸ்க் காலர்’ வந்தது. எந்த உயிரினத்தின் கழுத்திலும் மாட்டக்கூடிய பட்டை. மாட்டியதற்கு டெத்டச்சும், அடிக்கும் புள்ளிக்கு ஈடாக உயிர் கூட்டும் ‘லைஃப்லிங்க்’ திறனும் வரும். இதை முதல் பதிப்பின் ‘பிராடிகல் சோர்சரர்’ கழுத்தில் மாட்டிப் பார்த்தால் விளங்கும். அவன் 1/1 நோஞ்சான் மந்திரவாதி. தன்னைத் திருப்பி யாருக்காவது ஒரே ஒரு புள்ளி அடி கொடுப்பதுதான் அவன் வித்தை. பட்டை ஏறியபின் அந்த ஒரு புள்ளி எந்த டிராகனையும் சாய்க்கும். கூடவே ஆட்டக்காரருக்கு ஓர் உயிர்ப் புள்ளி சேரும். பதினேழு ஆண்டு இடைவெளியில் அச்சான இரண்டு அட்டைகள், ஒன்றையொன்று அறியாமல் எழுதப்பட்டவை, சேர்ந்ததும் மூன்றாவதாக ஓர் உயிரினம் பிறக்கிறது. மிதித்தல் திறனோடு டெத்டச் சேர்வதும் இப்படித்தான். இப்போதைய விதியில் ஒரு புள்ளியே மரண அடி என்பதால், 6/6 உயிரினத்தை இருவர் தடுத்தால் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு மிச்ச நான்கையும் எதிராளி மேல் இறக்கலாம்.

எல்லாத் திறனும் இப்படிப் பிழைக்கவில்லை. பேண்டிங் என்ற திறனில் சில வீரர்கள் அணி சேர்ந்து தாக்கலாம், விழும் அடியை யார் தாங்குவது என்பதையும் அவர்கள் தரப்பே முடிவு செய்யலாம். போர்க்களத்துக்கு அழகான எண்ணம். ஆனால் அதை ஒரு புதியவருக்குப் புரியவைத்தவர்கள் குறைவு. 1997இன் ‘வெதர்லைட்’ தொகுதியோடு புதிய அட்டைகளில் அது நின்றுபோனது. சுவர்களின் கதை நேர்மாறு. ‘சுவர்’ என்ற இனப் பெயருக்குள்ளேயே ‘தாக்காது’ என்ற விதி ஒளிந்திருந்தது. 2004இல் அதை வெளியே எடுத்து ‘டிஃபெண்டர்’ என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். இனம் வேறு, திறன் வேறு என்ற தெளிவு அப்போதுதான் வந்தது. முதல் பதிப்பின் ‘லார்ட் ஆஃப் அட்லாண்டிஸ்’ மற்ற கடல் மாந்தர் எல்லோருக்கும் வலு கூட்டிய தலைவன்; ஆனால் அட்டையில் அவன் இனம் ‘லார்ட்’ என்றே இருந்தது. தன் குடிக்கே அவன் அந்நியன். பின்னாளில்தான் அவனும் கடல் மாந்தன் ஆனான்.

இனப் பெயர்களை ஒழுங்குபடுத்தியது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு 2019 சாட்சி. அலெக்ஸ் சர்ச்சில், ஸ்டெல்லா பிடர்மன், ஆஸ்டின் ஹெரிக் ஆகிய மூவர் அந்த ஆண்டு வெளியிட்ட ஆய்வறிக்கையில், மேஜிக் ஆட்டத்துக்குள்ளேயே ஒரு டியூரிங் எந்திரத்தைக் கட்டிக் காட்டினார்கள். ஆலன் டியூரிங் 1936இல் வரையறுத்த எந்திரம் ஒரு நீண்ட நாடாவில் உள்ள குறியைப் படிக்கும், அழித்து வேறு குறி எழுதும், நகரும். எந்தக் கணினி செய்வதையும் அது செய்யும். மூவரின் கட்டுமானத்தில் நாடா என்பது உயிரின டோக்கன்களின், அதாவது தனி அட்டை இல்லாமல் வேறு அட்டைகளின் திறனால் மேசைக்கு வரும் உயிரினங்களின், வரிசை. குறிகள் என்பவை அவற்றின் இனங்கள். 18 இனங்கள் போதுமானதாக இருந்தன.

எழுதும் கருவி ‘ராட்லங் ரீஅனிமேட்டர்’ என்ற 2002ஆம் ஆண்டு அட்டை. மதகுரு ஒருவர் இறந்தால் ஒரு ஸோம்பி எழும் என்பது அதன் திறன். வாசகத்தில் வரும் இனப் பெயரை மாற்றும் மந்திர அட்டை ஒன்று மேஜிக்கில் உண்டு. அதைக் கொண்டு, இந்த இனம் இறந்தால் அந்த இனம் எழும் என்று எத்தனை விதிகள் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். எந்திரம் படிக்கும் இடத்தில் நிற்கும் டோக்கன் 2/2. விலக விலக 3/3, 4/4 என்று பெருக்கும். எல்லா உயிரினத்துக்கும் இரண்டு புள்ளி குறைக்கும் ‘இன்ஃபெஸ்ட்’ மந்திரம் விழுந்ததும், படிக்கும் இடத்தில் உள்ளது மட்டும் சாகும். அது செத்ததைக் கண்டு வேறோர் இனம் எழும். ஒரு குறி அழிந்து மறுகுறி எழுதியாயிற்று. இரு ஆட்டக்காரர்களுக்கும் செய்வதற்கு எந்தத் தேர்வும் இல்லாதபடி எல்லாம் தானே நடக்கும். இப்படிப்பட்ட ஆட்டத்தில் யார் வெல்வார் என்பதைப் பொதுவாகக் கணித்துச் சொல்லும் வழிமுறை இருக்கவே முடியாது என்பது அவர்கள் நிறுவிய முடிவு. முட்டைக்குள் பறவை வைத்த அதே இலக்கணம், இறப்பும் பிறப்பும் கொண்டு கணக்குப் போடும் அளவுக்குக் கெட்டிப்பட்டிருந்தது.

நம் பக்கத்துப் புராணங்களுக்கு இந்த விளையாட்டு எவ்வளவு நியாயம் செய்திருக்கிறது என்ற கேள்வி இயல்பாகவே எழும். அரேபியன் நைட்ஸ் தொகுதியில் ‘செரண்டிப் எஃப்ரீட்’ இருந்தது. சிந்துபாத் போய்வந்த இலங்கையின் பழைய அரபுப் பெயரைத் தாங்கிய பூதம். 3/4, பறக்கும், தன் எஜமானையே முறைக்கு ஒரு புள்ளி அடிக்கும். நீல அட்டையான அதை 1994 மறுபதிப்பில் வேறொரு பூதத்தின் படத்தோடு பச்சைச் சட்டத்தில் தவறாக அச்சிட்டுவிட்டார்கள். 2016இல் இந்தியச் சாயலில் ‘கலாதேஷ்’ என்றோர் உலகமே வந்தது. பின்னர் அதற்கு ‘அவிஷ்கார்’ என்று பெயர் மாற்றினார்கள். அங்கே கண்டுபிடிப்பாளர்களும் எந்திரங்களும் முன்னணியில் நிற்க, நம் கதைகளின் பிராணிகள் பின்தங்கிவிட்டன.

ராட்சதர்கள் 2014இல் ‘கான்ஸ் ஆஃப் டார்கிர்’ தொகுதியில் வந்தார்கள், பூனை முக அரக்கர்களாக. அந்த முகத்தை அமெரிக்கக் கற்பனை விளையாட்டுகளில் நிலைநிறுத்தியது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அதன் 1977ஆம் ஆண்டு ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலிலேயே ராட்சதனுக்குப் புலித் தலை. டார்கிரின் ‘ரக்ஷாசா டெத்டீலர்’ இரண்டு மானாவுக்கு வலு கூட்டிக்கொள்ளும், இன்னும் இரண்டுக்குச் சாவிலிருந்து தப்பும். ‘ரக்ஷாசா விசியர்’ இடுகாட்டிலிருந்து அட்டைகள் அகற்றப்படும்போதெல்லாம் பெருக்கும். இரண்டும் வலுவான அட்டைகள்தான். ஆனால் இராமாயணத்தில் மாரீசன் பொன்மானாக வருவதும், சூர்ப்பணகை அழகியாக வந்து நிற்பதும், இராவணன் துறவி வேடத்தில் வாசலுக்கு வருவதும் இவற்றில் இல்லை. வேண்டிய உருவெடுப்பதுதானே அவர்கள் இயல்பு?

அதற்கான விதி அந்தத் தொகுதியிலேயே இருந்தது. ‘மார்ஃப்’ என்று பெயர். மூன்று மானா கொடுத்து அட்டையைக் கவிழ்த்து இறக்கலாம். எதிராளியின் கண்ணுக்கு அது பெயரில்லாத, நிறமில்லாத, சாதாரண 2/2. தாக்க வரும், தடுக்க நிற்கும். வேண்டிய நேரத்தில் உரிய விலையைக் கொடுத்துப் புரட்டினால் உண்மை உருவம் வெளிப்படும். 2002இல் அறிமுகமான இந்த வேடத்தை டார்கிர் திரும்பக் கொண்டுவந்து மனிதக் கொலைகாரர்களுக்கும் நாக மந்திரவாதிகளுக்கும் கொடுத்தது. ரக்ஷாசாக்கள் இரண்டையும் மட்டும் முகம் தெரியவே மேசையில் நிறுத்தியது.